காமா நைஃப்: மூன்று வருஷம் கழித்து மார்க் போடுகிறேன்

போன் வாங்கியவர்கள் மறுநாளே விமர்சனம் எழுதிவிடுகிறார்கள். எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. என் காதடியில் இருந்த கட்டிக்கு நான் எடுத்துக்கொண்டது காமா நைஃப் என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை. இதில் கட்டியை வெளியே எடுப்பதில்லை. அது இருக்கிற இடத்திலேயே இருக்கும். மேற்கொண்டு வளரக் கூடாது, அவ்வளவுதான். வளரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்து, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது வருஷத்து எம்.ஆர்.ஐ. போன வாரம்தான் கைக்கு வந்தது.

என்னைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். 28 வருஷமாக மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். மார்க் விஷயத்தில் கறார் என்று பெயர். இரண்டாவது, தொண்டைதான் என் பிழைப்பு. நாளைக்கு ஐந்து பீரியட் கத்தியாக வேண்டும். எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்ததில் பாதிப் பங்கு இந்தத் தொண்டைக்குத்தான்.

முதலில் வந்தது சத்தம். ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்ததும் வலது காதில் உஷ்... உஷ்... என்று கேட்கும். எங்கோ பம்ப் ஓடுகிறது என்று நினைத்து இரண்டு முறை எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்டது. மூன்றாம் நாள் படியேறி மூச்சு வாங்க நின்றபோது அந்தச் சத்தமும் வேகமெடுத்தது. உடனே மணிக்கட்டில் விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். 15 விநாடியில் நாடி 24, காதில் 24. என் ரத்தம் ஓடுகிற சத்தத்தைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது.

முதலில் பார்த்த டாக்டர் காதில் அழுக்கு என்று எடுத்துவிட்டார். சத்தம் போகவில்லை என்றதும் டென்ஷன் என்றார், தூக்க மாத்திரை எழுதினார். இதில் ஐந்து மாதம் போயிற்று. இரண்டாவது ஆள் செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிகிறது என்று கண்டுபிடித்தார், அதுவரை சரி. அடுத்த வாக்கியத்தில், "ஒரு சின்னத் துண்டு எடுத்து பயாப்ஸி அனுப்பிடலாம், இங்கேயே அஞ்சு நிமிஷ வேலை" என்றார். கூட வந்த தங்கைதான், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். அவளுக்கு மருத்துவம் தெரியாது. "அஞ்சு நிமிஷம்"னு சொன்ன விதம் பிடிக்கவில்லையாம்.

மூன்றாவது டாக்டர் காதுக்குள் ஒரு குழாயை வைத்து, அதன் மறுமுனையில் இருந்த ரப்பர் குமிழை மெல்ல அழுத்தினார். கேமரா வழியாக எதிரே இருந்த திரையில் எனக்கும் தெரிந்தது. செவிப்பறைக்குப் பின்னால் செர்ரிப் பழம் மாதிரி ஒரு சிவப்பு. காற்று அழுத்தம் ஏறியதும் அது வெளுத்தது. குமிழை விட்டதும் மறுபடி சிவந்தது. அழுத்தினார், வெளுத்தது, விட்டார், சிவந்தது. இதற்கு பிரவுன் அறிகுறி என்று பெயராம். எல்லோருக்கும் இப்படித் தெரியாது, எனக்குத் தெரிந்தது. குழாயை வெளியே எடுத்துவிட்டுச் சொன்னார்: "மேடம், இது முழுக்க ரத்தக் குழாய். இதைக் குத்தியிருந்தா அன்னைக்கு அந்த ரூம்ல யாருமே சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்க முடியாது."

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது காதில் நாடித்துடிப்பும், செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பும் சேர்ந்து இருந்தால், ஸ்கேன் எடுப்பதற்கு முன் யாரையும் ஊசியோ கத்தியோ வைக்க விடாதீர்கள். மற்றதெல்லாம் என் கருத்து, இது மட்டும் இல்லை.

கட்டியின் பெயர் குளோமஸ் ஜுகுலாரே. இப்போது பாராகாங்லியோமா என்ற பொதுப் பெயரில் எழுதுகிறார்கள். ஆண்டுக்கு 13 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் என்று ஒரு கணக்கு உண்டு. பெண்களுக்குத்தான் அதிகம், அதுவும் நடுவயதில். மூளையிலிருந்து ரத்தத்தைக் கீழே இறக்கும் ஜுகுலர் சிரை, காதுக்கு நேர் கீழே, மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு ஓட்டை வழியாக வெளியேறுகிறது. அதே ஓட்டை வழியாகத்தான் 9, 10, 11ஆம் கபால நரம்புகளும் இறங்குகின்றன. 12ஆவது பக்கத்து ஓட்டையில். விழுங்குவது, பேசுவது, தோளைத் தூக்குவது, நாக்கை அசைப்பது இந்த நாலு நரம்புகளின் பொறுப்பு. முகத்தை அசைக்கும் 7ஆவதும் அதிக தூரத்தில் இல்லை. இந்த நெரிசலுக்குள், சிரை மேலே வளைகிற இடத்தில், கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவுக்கு ஒரு திசு எல்லோருக்கும் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதையே 1941இல்தான் கில்ட் என்பவர் எழுதிவைத்தார். அதில் கட்டி வரும் என்பது 1945இல் ரோசன்வாசர் என்ற டாக்டர் ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் செய்து எழுதிய பிறகுதான் தெரிந்தது. எனக்கு அந்தத் திசு 23 மில்லிமீட்டருக்கு வளர்ந்திருந்தது.

சி.டி.யில் எலும்பின் ஓரம் செல்லரித்த காகிதம் மாதிரி இருந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் உப்பும் மிளகும் தூவியது போல் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள். அந்தக் கறுப்புப் புள்ளிகள் வேகமாக ரத்தம் ஓடும் குழாய்கள். அப்புறம் 24 மணி நேரச் சிறுநீரை ஒரு கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கட்டிகளில் சில, அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கும். தலை, கழுத்துப் பகுதியில் வருகிறவற்றில் அது மிகக் குறைவு. ஆனால் சுரக்கிற கட்டி என்று தெரியாமல் கை வைத்தால் ரத்த அழுத்தம் எங்கோ போய்விடும். அதனால் எந்தச் சிகிச்சைக்கு முன்னாலும் இதைப் பார்த்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்க அந்தக் கேனோடு வீட்டில் நடமாடியதில் எனக்கு இருந்த கூச்சம் காமா நைஃப் அன்றுகூட இல்லை. என் கட்டி எதையும் சுரக்கவில்லை.

கடைசியாக எடுத்த பெட் ஸ்கேன்தான் கணக்கையே மாற்றியது. டோட்டாடேட் என்ற மருந்தில் கதிரியக்க காலியம் சேர்த்து ஊசி போடுகிறார்கள். இந்த வகைக் கட்டி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் விளக்குப் போட்டது போல் தெரியும். வலது காதடியில் பளிச்சென்று எரிந்தது, அது தெரிந்ததுதான். இடது கழுத்தில், தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிற இடத்தில், மிளகளவில் இன்னொன்றும் எரிந்தது.

இரண்டு கட்டி என்றதும் பரம்பரையா என்று கேட்டார்கள். அப்பாவுக்குக் கழுத்தில் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது. கொழுப்புக் கட்டி என்று சொல்லிக்கொண்டு 30 வருஷம் வைத்திருந்தார். சின்ன வயதில் அதில் விரல் வைத்தால் துடிக்கும், எனக்கு அது விளையாட்டு. ரத்தப் பரிசோதனையில் எஸ்.டி.எச்.டி. என்ற மரபணுவில் பிழை இருப்பதாக வந்தது. இதன் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

சரி, சிகிச்சைகள். நான் நாலு இடத்தில் ஆலோசனை கேட்டேன். கேட்டதில் ஒன்று தெரிந்தது: யாரிடம் எந்தக் கருவி இருக்கிறதோ அதற்குத்தான் அவர்கள் மார்க் போடுகிறார்கள். விதிவிலக்காக ஒரே ஒருவர் இருந்தார், அவர் ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணர். மேசையில் இருந்த பிளாஸ்டிக் மண்டையோட்டைத் தலைகீழாகத் திருப்பி, அந்த ஓட்டைக்குள் மூன்று நூல்களை நுழைத்துக் காட்டினார். "கட்டியை என்னால எடுத்துட முடியும். எடுக்கறப்போ இந்த நூலுங்க என்ன ஆகும்கிறதுதான் கேள்வி" என்றார்.

ஆபரேஷன் எப்படி என்றால், முதலில் தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் தரும் தமனிகளை அடைக்கிறார்கள். இதற்கு எம்போலைசேஷன் என்று பெயர். பெரும்பாலும் ஆபரேஷனுக்கு ஓரிரு நாள் முன்பு. ரத்தச் சேதத்தைக் குறைக்கத்தான். இது மட்டுமே தனிச் சிகிச்சையாகப் போதாது, அடைத்த இடத்தைச் சுற்றிப் புதுக் குழாய்கள் வந்துவிடும். அப்புறம் காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துவரை திறந்து, பெரிய கட்டியாக இருந்தால் முக நரம்பையே அதன் எலும்புக் கால்வாயிலிருந்து எடுத்து முன்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். சூரிச்சில் ஊகோ ஃபிஷ் என்பவர் 1970களில் உருவாக்கிய வழி. இன்றைக்கும் கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்று சொல்ல அவர் பெயரில் ஏ முதல் டி வரை வகுப்புப் பிரிக்கிறார்கள். என்னுடையது சி.

ஆபரேஷனுக்கு நான் மார்க் போட முடியாது, செய்துகொள்ளவில்லை. செய்துகொண்ட ஒரு பெண்ணைக் காத்திருக்கும் அறையில் பார்த்தேன். முப்பது வயதுதான் இருக்கும். கட்டி மூளைத்தண்டைத் தொட்டுவிட்டதால் வேறு வழியே இல்லையாம். 11 மணி நேரம் ஆகியிருக்கிறது. குழியை அடைக்க வயிற்றுக் கொழுப்பை எடுத்து வைத்தார்களாம். பேச்சு காற்றோடு கலந்து வந்தது, முன்னால் குனிந்தால்தான் கேட்டது. பேசிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடிப்பதற்கு முன் முகவாயைக் கீழே இறக்கி, தலையை ஆபரேஷன் செய்த பக்கமாகத் திருப்பி, ஒரு வாய் விழுங்கி, இருமி, மறுபடி விழுங்கினாள். "பலமில்லாத பக்கம் திரும்பினா அந்த வழி மூடிக்கும், புரையேறாது. ஆறு மாசத்துல பழகிடுச்சு மேடம்" என்றாள். அவளுக்கு வருத்தம் ஒன்றும் தெரியவில்லை, உயிரோடு இருக்கிறேனே என்றாள். எனக்குத்தான் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அந்தத் தலைத் திருப்பல் ஞாபகம் வந்தது.

இங்கேதான் அந்த மிளகளவுக் கட்டி குறுக்கே வந்தது. 10ஆவது நரம்பு, வேகஸ், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒன்று போனால் குரல் கரகரக்கும், புரையேறும், ஆனால் சமாளிக்கலாம். தளர்ந்த குரல் நாணை நடுப்பக்கம் நகர்த்தி வைக்கக்கூட வழி இருக்கிறது. இரண்டும் போனால் தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சுவிட வைக்க வேண்டிவரலாம். என் இடது பக்கத்துக் கட்டி என்றைக்காவது வளர்ந்து அந்தப் பக்கத்து வேகஸைத் தொந்தரவு செய்யலாம். அப்படியிருக்க, வலது பக்கத்தை இப்போதே செலவழிக்கக் கூடாது. இந்த வாதத்தைச் சொன்னவரும் அதே மண்டையோட்டு டாக்டர்தான். ஆபரேஷன் செய்கிறவரே வேண்டாம் என்று சொல்லி இன்னொரு துறைக்கு அனுப்பினார். என் பட்டியலில் முழு மார்க் வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

அவர் உடனே அனுப்பவில்லை. முதலில் சும்மா இருந்து பார்க்கலாம் என்றார். தலை, கழுத்துப் பகுதியில் வரும் இந்தக் கட்டிகள் சராசரியாக வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கொள்ளளவில் இரட்டிப்பாக நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். வயதானவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதே போதுமான சிகிச்சை. நானும் ஒன்றரை வருஷம் பார்த்தேன். மருந்தில்லை, வலியில்லை. ஆனால் தண்ணீர் குடித்து இருமினால் பயம், பாடம் நடத்தும்போது தொண்டை அடைத்தால் பயம், ஜலதோஷம் பிடித்தாலும் பயம். பொறுமைசாலிகளுக்கு நல்ல சிகிச்சை, நான் அந்த ரகமில்லை. ஒன்றரை வருஷத்தில் மூன்று மில்லிமீட்டர் வளர்ந்து 26 ஆகியிருந்தது. நரம்புகள் எல்லாம் இன்னும் வேலை செய்கிற இந்தச் சமயத்திலேயே நிறுத்திவிடலாம் என்றார்.

கேன்சரா என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். நல்லது, கெட்டது என்று இரண்டு டப்பாவில் பிரிக்கும் பழக்கத்தை 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடே கைவிட்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் பரவும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு, பெரும்பாலானவை பரவுவதில்லை. பரவிவிட்டவர்களுக்கும், ஆபரேஷன் செய்ய முடியாதவர்களுக்கும் பெல்சுடிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2025இல் அனுமதி கொடுத்தார்கள். என் மாதிரி ஆட்களுக்கு அது தேவைப்படாது.

கதிர்வீச்சிலும் மூன்று வகை கேட்டேன். பழைய முறையில் ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் போக வேண்டும். சைபர்நைஃப் என்றால் முகமூடி போட்டு ஓரிரு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள். காமா நைஃப் ஒரே நாள், ஆனால் தலை அசையாமலிருக்க மண்டையில் ஒரு உலோகச் சட்டம் மாட்ட வேண்டும். புது மாடல்களில் முகமூடியோடும் செய்ய வழி இருக்கிறது. கட்டி வளராமல் நிற்பதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நிற்கிறது. ஒரே நாள் என்பதாலும், வகுப்பு அதிகம் கெடாது என்பதாலும் காமா நைஃப்.

அன்றைய நாளுக்கு வருகிறேன். பெயரில் கத்தி இருக்கிறதே தவிர, கத்தி கிடையாது. லார்ஸ் லெக்செல் என்ற ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஸ்டாக்ஹோமில் 1968இல் முதன்முதலாகப் பயன்படுத்திய யோசனை: கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைப் பல இடத்தில் வைத்து, எல்லாக் கதிர்களையும் ஒரே புள்ளியில் சந்திக்க விடுவது. நான் படுத்த இயந்திரத்தில் 192 மூலங்கள். ஒவ்வொரு கதிரும் தனியாக மூளை வழியாகப் போகும்போது பெரிதாக ஒன்றும் செய்யாது. சந்திக்கிற இடத்தில்தான் வேலை. பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தை எரிக்கிற சோதனையை வகுப்பில் எத்தனை முறை செய்திருப்பேன்! காகிதமாக நானே போய்ப் படுப்பேன் என்று நினைக்கவில்லை.

காலை ஏழு மணிக்குச் சட்டம். நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு, மொத்தம் நாலு மரத்துப்போகிற ஊசி. ஊசிதான் எரிந்தது. பிறகு நாலு திருகுகளை எதிரெதிராக இரண்டு பேர் ஒரே நேரத்தில் முறுக்கினார்கள். கதவிடுக்கில் தலையை வைத்துச் சாத்துகிற மாதிரி ஐந்து நிமிஷம். அப்புறம் அழுத்தம் பழகிவிட்டது. கட்டி ரொம்பக் கீழே இருப்பதால் சட்டத்தையும் வழக்கத்தைவிட இறக்கி மாட்டினார்கள். அதன் முன்கம்பி சரியாக என் வாய்க்கு நேரே வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டியிருந்தது. தங்கை போட்டோ எடுத்துவிட்டு, "அக்கா, வகுப்புல இப்படியே போய் நின்னீங்கன்னா ஒருத்தன் பேச மாட்டான்" என்றாள்.

சட்டத்தோடு எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு இரண்டு மணி நேரம் காத்திருப்பு. உள்ளே திட்டம் போடுகிறார்கள். மருத்துவ இயற்பியலாளர் ஒரு பையன் வந்து விளக்கினார். கட்டியின் ஓரத்துக்கு 15 கிரே, நடுவில் 30 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஓரத்தில் பாதியாக இருக்கும்படி திட்டமிடுவதால் வெளியே வேகமாகக் குறைந்துவிடும், நரம்புகளுக்கு நல்லது என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "கோபால்ட் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு தம்பி?" அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "மூன்றரை வருஷம். புதுசா இருந்தப்போ இந்த வேலைக்கு 40 நிமிஷம் போதும்." கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 வருஷம். மூன்றரையை அதால் வகுத்தால் 0.66, இரண்டின் 0.66 அடுக்கு கிட்டத்தட்ட 1.6. அப்படியென்றால் புதிதாகப் போட்டபோது 40 நிமிஷத்தில் முடிந்திருக்கும் வேலைக்கு இப்போது 64 நிமிஷம். சொன்னேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். 64. எனக்கு அந்த நாளின் பயம் அந்த இடத்தில் முக்கால்வாசி போய்விட்டது. மற்றவர்களுக்கு இது உதவுமா தெரியாது, ஆனால் கேளுங்கள். பழைய கோபால்ட் என்றால் உடம்புக்குக் கிடைக்கும் கதிர் குறைவு என்று அர்த்தமில்லை, அதே அளவு கதிரைக் கொடுக்க நேரம் கூடும், அவ்வளவுதான்.

உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. எம்.ஆர்.ஐ. மாதிரி தட்டல், உடைத்தல் கிடையாது. படுக்கை சில மில்லிமீட்டர் நகரும், நிற்கும், மறுபடி நகரும். எனக்கு 17 முறை நகர்ந்தது, எண்ணினேன். சூடு இல்லை, வெளிச்சம் இல்லை. மயக்க மருந்தும் இல்லை. எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், காதுக்குள் உஷ், உஷ். அதைக் குறிவைத்துத்தான் இத்தனையும் நடக்கிறது, அதுவும் நிறுத்தாமல் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் வீட்டில் இருந்தேன்.

இப்போது குறைகள். இரண்டாம் நாள் காலையில் கண்ணிமை இரண்டும் வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. நெற்றியில் போட்ட ஊசி மருந்து கீழே இறங்கும், இது சகஜம் என்று போன் செய்த பிறகு சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நெற்றியின் வலது திருகுத் தழும்பைச் சுற்றி இன்றும் கொஞ்சம் மரத்திருக்கிறது.

பெரிய குறை ஆறாவது மாதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை முதல் பீரியடில் குரல் உடைந்தது. செவ்வாய், புதன், சரியாகவில்லை. மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். வலது குரல் நாண் சோம்பேறித்தனமாக அசைந்தது. கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டியும் சுற்றுப்புறமும் கொஞ்சம் வீங்கி நரம்பை அழுத்துவது உண்டாம். ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஐந்து வாரம் கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினேன். பிள்ளைகள் அந்த ஐந்து வாரமும் சத்தமே போடவில்லை, அது வேறு விஷயம். ஆறாவது வாரம் குரல் திரும்பியது. வீட்டுக்கு வந்து ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், "தற்காலிக நரம்புப் பாதிப்பு ஏற்படலாம்" என்று ஒரு வரி இருக்கத்தான் செய்தது. குரலால் பிழைக்கிறவளிடம் இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல அரை நிமிஷம் ஆகாது. இதற்குப் பத்து மார்க் குறைக்கிறேன்.

கேட்கும் திறனும் வலது பக்கம் குறைந்திருக்கிறது, உயர்ந்த சுருதிகளில் 15 டெசிபெல். கடைசி பெஞ்சில் வலது மூலையில் கிசுகிசுப்பவர்கள் இப்போது தப்பித்துவிடுகிறார்கள். அதற்கு ஐந்து. சத்தம் போய்விட்டதா என்றால், போகவில்லை. முன்பு பக்கத்து அறையில் பம்ப் ஓடினால், இப்போது தலையணைக்கு அடியில் கைக்கடிகாரம். ஜலதோஷம் வந்தால் மறுபடி பம்ப். இதற்கு மார்க் குறைக்கவில்லை, போகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

கட்டி: செய்த அன்று 26 மில்லிமீட்டர். ஆறாம் மாதம் 27, அன்று ராத்திரி தூங்கவில்லை. ஒரு வருஷத்தில் 26. இரண்டு வருஷத்தில் 24. போன வாரம் 23. சொந்தக்காரர்கள் இன்னும், "எடுத்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். உள்ளேதான் இருக்கிறது என்றால் முகம் மாறிவிடுகிறது. விளக்குவதை நிறுத்திவிட்டேன். விழுங்குகிறேன், பேசுகிறேன், நாக்கு நேராக நீள்கிறது. இடது பக்கத்து மிளகு மிளகாகவே இருக்கிறது. நூற்றுக்கு 82. வீங்கிய இமைக்கும் சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து இன்னொரு மூன்று போயிற்று. என்னிடம் 82 வாங்குவது சுலபமில்லை என்று என் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்த மரபணு விஷயம் மட்டும் பாக்கி. எஸ்.டி.எச்.டி.க்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. பிழையுள்ள பிரதி அப்பாவிடமிருந்து வந்தால் கட்டி வரலாம். அம்மாவிடமிருந்து வந்தால் அநேகமாக வராது. ஆனால் பிழை மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆகவே என் மகனுக்கு நான் கொடுத்திருந்தாலும் அவனுக்குப் பெரிய ஆபத்தில்லை, அவன் பிள்ளைகளுக்குத்தான். என் தம்பிக்கு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் அவன் மகளுக்கும் பாதிக்குப் பாதி, அவளுக்கு வந்தால் கட்டியாகவே வரலாம். சீக்கிரம் தெரிந்தால் மிளகளவிலேயே கண்டுபிடித்துப் பார்த்துக்கொண்டு வரலாம் என்று தம்பியிடம் மூன்று வருஷமாகச் சொல்கிறேன். படிவம் அவன் அலமாரியில் இருக்கிறது. "நல்லாத்தானே இருக்கேன் அக்கா, விடு" என்கிறான். அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

முந்தாநாள் அவன் மகளிடமிருந்து ஒரு மெசேஜ். 19 வயது, கல்லூரியில் இருக்கிறாள். "அத்தை, அப்பாகிட்ட சொல்லாம நான் மட்டும் டெஸ்ட் எடுத்துக்கலாமா?" எடுத்துக்கொள்ளலாம், வயது வந்துவிட்டது. ஆனால் அவளுக்கு இருக்கிறது என்று வந்தால், அவள் அப்பாவுக்கும் இருக்கிறது என்று அதே காகிதம் சொல்லிவிடும். மரபணு ஆலோசகரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.